புழுக்கமான ராத்திரிக்கு என்ன கேம் ஆடலாம்? கேள்வி பதில்

பள்ளிப்பட்டில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். கேம் ஆடுவது பள்ளிக்கூட நாளிலிருந்து கூடவே வந்த பழக்கம். அக்னி நட்சத்திரம் பிறந்ததிலிருந்து கடைக்கு வருகிறவர்களும் சரி, போனில் கூப்பிடுகிறவர்களும் சரி, சுற்றிச் சுற்றி ஒன்றைத்தான் கேட்கிறார்கள்: ராத்திரி பன்னிரண்டு ஆனாலும் சுவரெல்லாம் கொதிக்கிறது, தூக்கம் வரவில்லை, மனசுக்கு இதமாக ஆட என்ன இருக்கிறது? தமிழ்நாடு, ஆந்திரா எல்லையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்து வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

நகரியிலிருந்து ஒரு அக்கா: ஒரே ஒரு கேம் சொல்லுங்கள். காசு கொடுக்காமல், சாதாரண ஆண்ட்ராய்டு போனில் ஓட வேண்டும். நெட் இல்லாவிட்டாலும் ஆட வேண்டும்.

ஆல்டோஸ் அட்வென்ச்சர். யோசிக்காமல் சொல்கிறேன் அக்கா. 2015-இல் ஐபோனுக்கு வந்தது, அடுத்த வருடம் ஆண்ட்ராய்டுக்கு வந்தது. பனிமலைச் சரிவில் ஒரு பையன் பலகையில் சறுக்கிக்கொண்டே போவான். கட்டு அறுத்துக்கொண்டு ஓடிய லாமாக்களைப் பிடிப்பதுதான் அவன் வேலை. விரலால் ஒரு தொடு தொட்டால் குதிப்பான், அழுத்திப் பிடித்தால் அந்தரத்தில் குட்டிக்கரணம் போடுவான். அவ்வளவுதான் ஆட்டம்.

அதில் 'ஜென் மோடு' என்று ஒன்று இருக்கிறது. நேராக அதற்குப் போய்விடுங்கள். மதிப்பெண் கிடையாது, காசு பொறுக்க வேண்டாம். விழுந்தால் ஆட்டம் முடியாது, எழுந்து மறுபடி சறுக்க வேண்டியதுதான். பொழுது விடியும், சாயும், நிலா வரும், மழை பெய்யும், பனி கொட்டும்.

போன வருடம் அக்னி நட்சத்திரத்தில் எங்கள் தெருவில் மூன்று ராத்திரி தொடர்ந்து கரண்ட் போனது. சாயங்காலம் ஆறு மணிக்கே மொட்டை மாடியில் நாலு குடம் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தோம். ஊற்றியதும் மண்வாசனை மாதிரி ஒரு சூட்டு வாசனை கிளம்பி, பத்து நிமிடத்தில் தரை காய்ந்துவிட்டது. ஒன்பது மணிக்குப் பாய் விரித்தால் முதுகுக்குக் கீழே இன்னும் வெதுவெதுப்பு. போன் வெளிச்சத்தைக் கடைசி வரை குறைத்துக்கொண்டு ஜென் மோடில் சறுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் படுத்திருந்த அம்மா எட்டிப் பார்த்து, "அது ஆடாடா?" என்றார். லாமா என்றேன். "அந்த ஆட்டுக்குக் குளிராதா?" என்று கேட்டார். கொஞ்ச நேரத்தில் போனை அவரே வாங்கிக்கொண்டார். குதிக்க வைக்கக்கூட இல்லை. பையன் பாட்டுக்குச் சறுக்கி, பாறையில் மோதி விழுவான், அம்மா தொட்டு எழுப்பிவிடுவார், மறுபடி சறுக்குவான். அப்படியே தூங்கிப்போனார். போன் திரை அவர் கையில் ஒளிர்ந்துகொண்டே இருந்தது. அதிலிருந்து யார் கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்கிறேன்.

இதன் அடுத்த பாகம் ஆல்டோஸ் ஒடிசி 2018-இல் வந்தது. பார்க்க இன்னும் அழகு. ஆனால் அது பாலைவனம், மணல்மேடு. மே மாதம் வேண்டாம், கார்த்திகையில் ஆடுங்கள்.

திருத்தணியிலிருந்து ஒரு கல்லூரித் தம்பி: அரை மணி நேரம் ஆடினாலே போன் கொதிக்கிறது அண்ணா. போனில் கோளாறா?

பெரும்பாலும் கோளாறு இல்லை தம்பி. கடைக்கு இந்தக் கேள்வியோடு நிறையப் பேர் வருகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

போனுக்குள் ஃபேன் கிடையாது. சிப்பில் உண்டாகும் சூடு பின்பக்க மூடி வழியாகச் சுற்றியிருக்கும் காற்றுக்குப் போக வேண்டும். காற்றே 34, 35 டிகிரியில் நின்றால் அந்தச் சூடு எங்கே போகும்? ஆப்பிள் நிறுவனம் தன் போன்களை 0 முதல் 35 டிகிரி வரையுள்ள சூழலில் பயன்படுத்தச் சொல்கிறது. சித்திரை, வைகாசியில் ஓட்டு வீட்டுக்குள்ளும் தளம் போட்ட மேல்மாடி அறையிலும் ராத்திரியிலேயே அந்த எல்லையைத் தொட்டுவிடுகிறோம். சூடு ஏறினால் சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கேம் திக்கித் திக்கி ஓடுவது அதனால்தான்.

சார்ஜ் போட்டுக்கொண்டே ஆடாதே. பேட்டரி சார்ஜ் ஏறும்போதும் சூடாகும், கேம் ஓடும்போதும் சூடாகும். இரண்டும் சேர்ந்தால் பேட்டரியின் ஆயுள்தான் குறையும். வெயில் மாதத்தில் உப்பிப்போன பேட்டரியோடு எத்தனை போன்கள் என் மேசைக்கு வருகின்றன தெரியுமா? பின்பக்கக் கவரைக் கழற்றிவிடு. தலையணை மேலும் மெத்தை மேலும் வைக்காதே, சிமெண்டுத் தரையிலும் வைக்காதே, ராத்திரி அதுவே சூடாக இருக்கும். கையில் பிடித்துக்கொள்வதே நல்லது. கேம் செட்டிங்கில் ஃப்ரேம் ரேட், அதாவது நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு, 60 என்று இருந்தால் 30 ஆக்கிவிடு, இதமான கேமுக்கு அது தாராளம்.

அப்புறம் நம் ஊருக்கென்றே ஒரு தொல்லை உண்டு. எல்லையில் ஆந்திரா டவர், தமிழ்நாடு டவர் என்று போன் மாறி மாறித் தாவும். சிக்னல் பலவீனமாக இருக்கும் இடத்தில் போன் கூடுதல் சக்தி செலவழித்து டவரைத் தேடும், அதிலும் சூடாகும். நெட் வேண்டாத கேம் என்றால் ஏரோபிளேன் மோடு போட்டுவிட்டு ஆடு. பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

ஒன்றை மட்டும் செய்யவே செய்யாதே: சூடான போனைத் தூக்கி ஃபிரிட்ஜுக்குள் வைப்பது. வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் கட்டும். அப்படிச் செத்த போர்டுகளை நான் பார்த்திருக்கிறேன்.

பொதட்டூர்பேட்டையிலிருந்து விசைத்தறி ஓட்டும் ஒரு தம்பி: ராத்திரி பத்து மணிக்குத் தறியை நிறுத்திவிட்டு வந்தாலும் காதுக்குள் தடக் தடக் என்று ஓடிக்கொண்டே இருக்கிறது. சத்தமே இல்லாத கேம் வேண்டும்.

சத்தமே இல்லாவிட்டால் காதில் மிச்சமிருக்கும் தறிச் சத்தம்தான் இன்னும் பெரிதாகக் கேட்கும் தம்பி. மெல்லிய சத்தம் உள்ளதாக ஆடிப் பாருங்கள். டவுன்ஸ்கேப்பர் என்று ஒன்று, ஆஸ்கர் ஸ்டால்பெரி என்ற ஸ்வீடன்காரர் செய்தது, 2021-இல் முழுமையாக வந்தது. கண்ணுக்கெட்டிய வரை கடல். நிறத்தைத் தேர்ந்தெடுத்துத் தண்ணீரில் ஒரு இடத்தைத் தொட்டால் 'ப்ளக்' என்று ஒரு கட்டை வந்து உட்காரும். அதன் மேல் இன்னொன்று வைத்தால் வீடாகும், நான்கு பக்கமும் அடைத்தால் நடுவில் தோட்டம் முளைக்கும், படிக்கட்டும் வளைவும் தானாகவே வந்து சேரும். ஜெயிக்க ஒன்றுமில்லை, தோற்கவும் ஒன்றுமில்லை. போன் ஆப்புக்குக் காசு உண்டு, ஆனால் அவரே பிரவுசரில் இலவசமாக ஆடும்படியும் விட்டிருக்கிறார். முதலில் அதில் ஆடிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். நாள் முழுக்கப் பாவிலும் நாடாவிலும் கண் வைத்திருக்கிறீர்கள், ராத்திரியில் கண்ணுக்கு நீலம் நல்லது.

சித்தூரிலிருந்து ஒரு சகோதரி: என் வீட்டுக்காரர் ஸ்டார்டியூ வேலி ஆடுகிறார். அமைதியான கேம் என்று சொல்லித்தான் ஆரம்பித்தார், இப்போது ராத்திரி இரண்டு மணி ஆகிறது.

அது உண்மையிலேயே அருமையான கேம். எரிக் பரோன் என்ற ஒரே ஆள் நான்கு வருடத்துக்கு மேல் உழைத்து, படம், இசை, கதை எல்லாம் தானே செய்து 2016-இல் வெளியிட்டார். தாத்தா விட்டுப்போன நிலத்தைத் திருத்தி, விதைத்து, தண்ணீர் ஊற்றி, ஊராரோடு பழக வேண்டும். சிக்கல் எங்கே என்றால், அதில் ஒரு நாள் என்பது நம் கணக்கில் ஏறக்குறைய 14 நிமிடம். நாள் முடிந்து படுத்தால்தான் முறையாகச் சேவ் ஆகும். காலையில் எழுந்தவுடன் பரங்கி பழுத்திருக்குமோ என்று பார்க்கத் தோன்றும், பார்த்தால் அடுத்த 14 நிமிடம் போய்விடும்.

அவரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: ராத்திரிக்கு இரண்டு நாள்தான். இரண்டாவது நாள் கேமில் படுக்கப் போகும்போது இவரும் போனை வைத்துவிட வேண்டும். புழுக்கத்தில் ஆட எனக்குப் பிடித்தது எந்த நேரத்திலும் கீழே வைத்துவிட முடிகிற ஆட்டம். கரண்ட் வந்து ஃபேன் சுற்றத் தொடங்கியதும், "இரு, இதை முடித்துவிட்டு வருகிறேன்" என்று சொல்ல வைக்கிற ஆட்டம் அந்த நேரத்துக்கு வேண்டாம். ஃபேன் சுற்றும் அந்த ஒரு மணி நேரம் தூங்குவதற்கானது.

சத்தியவேட்டிலிருந்து ஒருவர்: பழைய லேப்டாப் இருக்கிறது, கிராஃபிக்ஸ் கார்டு இல்லை.

எ ஷார்ட் ஹைக். 2019-இல் வந்தது. கிளேர் என்ற பறவைப் பெண் அத்தையோடு மலைப்பூங்காவில் தங்கியிருக்கிறாள். முக்கியமான ஒரு போன் வர வேண்டும், ஆனால் சிக்னல் மலை உச்சியில்தான் கிடைக்கும். ஏறுகிறாள். வழியில் மீன் பிடிக்கலாம், யாராவது எதையாவது தொலைத்திருந்தால் தேடிக் கொடுக்கலாம், அலுத்தால் இறக்கையை விரித்து மிதந்து இறங்கலாம். இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடலாம். சிக்னலுக்காக மாடி ஏறி நின்று, எதிரே நகரி மூக்கு மலையைப் பார்த்துக்கொண்டு போன் பேசிப் பழகியவர்களுக்கு இந்தக் கதையை விளக்கவே வேண்டாம்.

அவரே: யூரோ டிரக் சிமுலேட்டரில் ராத்திரி மழையில் லாரி ஓட்டினால் ரொம்ப இதமாக இருக்கிறது என்கிறார்களே?

இதம்தான், நானே ஓட்டுகிறேன். ஆனால் நல்ல கேமிங் லேப்டாப் ஓடும்போது 150 வாட் வரை இழுக்கும், அவ்வளவும் கடைசியில் வெப்பமாக அறைக்குள்தான் வந்து சேரும். பழைய சீலிங் ஃபேன் 75 வாட். இன்வெர்ட்டரில் ஓட்டினால் இரண்டு ஃபேனுக்கான கரண்ட் லாரிக்குப் போய்விடும். ஐப்பசி மழையில் ஓட்டுங்கள். இப்போது போனிலேயே பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா ஆடலாம். நம் ஊர் பஸ்களின் பெயிண்டை அதில் ஏற்றி ஓட்டும் பையன்கள் இரண்டு மாநிலத்திலும் நிறைய.

ஊத்துக்கோட்டையிலிருந்து ஒருவர்: ஆட நேரமும் இல்லை, பொறுமையும் இல்லை.

நெக்கோ அட்சுமே. கிண்ணத்தில் தீனி வைத்து, பந்தோ மெத்தையோ போட்டுவிட்டுக் கேமை மூடிவிடுங்கள். நீங்கள் பார்க்காதபோதுதான் பூனைகள் வரும். காலையில் திறந்தால் யார் வந்து போனார்கள் என்று தெரியும்.

காட்பாடியிலிருந்து ஒரு சார்: ராத்திரி ரம்மி ஆடினால் மனசு லேசாகிறது. இதையும் உங்கள் பட்டியலில் சேர்க்கலாமா?

காசு வைத்து ஆடுவது என்றால் சேர்க்க மாட்டேன் சார். ஆந்திராவில் 2020-இலேயே அதற்குத் தடை வந்தது. 2025 ஆகஸ்டில் நாடு முழுவதற்குமான சட்டமும் வந்துவிட்டது. அதற்கு முன்பே தமிழ்நாட்டில் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை காசு ஆட்டங்களுக்கு லாகின் கூடாது என்று விதி போட்டார்கள். அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தது சரி என்றே நினைக்கிறேன். தூக்கமில்லாமல், வியர்த்து ஊற்றிக்கொண்டு இருக்கும்போது மனிதனுக்குக் கணக்கு நிதானமாக வராது. தோற்ற காசை விடியும் முன் எடுத்துவிட வேண்டும் என்று தோன்றும். சீட்டுதான் பிடிக்கும் என்றால் சாலிடேர் ஆடுங்கள், 1990-இல் விண்டோஸோடு வந்த அதே ஆட்டம், போனிலும் இருக்கிறது.

ஆர்.கே.பேட்டையிலிருந்து ஒரு அம்மா: லீவுக்குப் பேரப் பிள்ளைகள் நாலு பேர் வந்திருக்கிறார்கள். கரண்ட் போனால் ஒரு போனுக்கு நாலு பேர் அடித்துக்கொள்கிறார்கள்.

போனில்தான் என்றால் லூடோ கிங் போதும் அம்மா. நெட் இல்லாமல் ஒரே போனைச் சுற்றிக் கொடுத்து நாலு பேரும் ஆடலாம். ஆனால் நீங்கள் இருக்கும்போது போன் எதற்கு? மாடித் தரையில் சாக்பீஸால் ஐந்துக்கு ஐந்து கட்டம் போட்டுத் தாயம் சொல்லிக்கொடுங்கள். தாயக்கட்டை இல்லாவிட்டால் நாலு புளியங்கொட்டை போதும். ஒரு பக்கம் மட்டும் கருப்புத் தோல் போய் வெள்ளை தெரியும் வரை தரையில் உரச வேண்டும். பிள்ளைகளையே உரசச் சொல்லுங்கள், அதற்கே அரை மணி நேரம் பிடிக்கும். உரசின சூட்டோடு ஒருத்தன் கொட்டையை இன்னொருத்தன் கையில் வைத்து அலற வைப்பான், அதைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்.