கொடைக்கானல் வாலிபர் முகாம்: ஏஜென்டிடம் முன்பணம் கொடுக்கலாமா?

கேள்வி: நெல்லைப் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சேகரத்தில், அதாவது ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள சபைப் பகுதியில், வாலிபர் சங்கச் செயலாளராக இருக்கிறேன். மே இரண்டாவது வாரம் 38 பேரைக் கொடைக்கானலுக்கு மூன்று நாள் ரிட்ரீட், அதாவது தியான முகாம், அழைத்துப்போகிறோம். வேன், தங்குமிடம், சாப்பாடு, தேவசெய்தி கொடுப்பவர் எல்லாம் சேர்த்துத் தலைக்கு இவ்வளவு என்று ஒரு ஏஜென்ட் பேசி, பாதிப் பணத்தை இந்த வாரமே தன் கூகுள் பே எண்ணுக்கு அனுப்பச் சொல்கிறார். அனுப்பலாமா? வழியில் ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு?

பதில்: அனுப்பாதீர்கள் தம்பி. அவர் நல்லவரா கெட்டவரா என்பது வேறு பேச்சு. தனியாள் ஒருவருடைய எண்ணுக்குச் சபைப் பணம் ஒரு ரூபாய்கூடப் போகக்கூடாது. மோட்டார் விபத்து வழக்குகளும் நுகர்வோர் வழக்குகளும் நடத்துகிற வக்கீலாகச் சொல்கிறேன், கோடை முடிந்ததும் என்னிடம் வரும் சபைக்காரர்கள் கையில் பெரும்பாலும் ஒரு ஸ்கிரீன்ஷாட்தான் இருக்கும். ரசீது இருக்காது, ஒப்பந்தம் இருக்காது, அந்த ஆளின் முகவரிகூட இருக்காது. நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்த பணத்துக்குப் புகார்க் கட்டணம் கிடையாது, 1915-க்குப் போன் செய்தும் முறையிடலாம். ஆனால் எதிராளியின் முகவரி தெரியாமல் நோட்டீசை எங்கே அனுப்புவது? முகவரி கிடைத்தாலும் வாய்தா மேல் வாய்தா போட்டு அடுத்த கோடையும் வந்துவிடும்.

ஏஜென்ட் சொல்லும் ரிட்ரீட் இல்லத்தின் அலுவலக எண்ணை நீங்களே தேடிப்பிடித்துப் பேசுங்கள். அவர் கொடுக்கும் எண் வேண்டாம். "எங்கள் சபை பேரில் அந்தத் தேதிக்கு அறை போட்டிருக்கிறதா?" என்று கேளுங்கள். தன் பேரில் நாலு அறை பிடித்துவைத்துக்கொண்டு, ஒரே பதிவுக் கடிதத்தை மூன்று சபைகளுக்குக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அறை உண்மை என்றால் குருவானவர் கையெழுத்திட்ட கடிதத்தோடு நேரடியாகப் பதிவு செய்து, சேகரக் கணக்கிலிருந்து அந்த இல்லத்தின் கணக்குக்கே பணம் போகட்டும். உங்கள் சொந்தக் கணக்கிலிருந்து போட்டுவிட்டு, பிறகு கமிட்டியில் வவுச்சர் எங்கே என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது.

அடுத்து வண்டி. என்னை அதிகம் கவலைப்பட வைப்பது இதுதான். வெள்ளை போர்டு வேன் என்றால் ஏறவே ஏறாதீர்கள். அது சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டி. வாடகைக்கு ஆள் ஏற்றியது தெரிந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் அதைத்தான் பிடித்துக்கொள்ளும், அடிபட்ட பிள்ளையின் நஷ்டஈடு இழுபறியாகிவிடும். வண்டி எண் தெரிந்ததும் அரசின் எம்பரிவாகன் செயலியில் போட்டுப் பாருங்கள். வாகன வகை, எஃப்.சி. என்ற தகுதிச் சான்று எதுவரை, இன்சூரன்ஸ் எதுவரை, எத்தனை சீட் என்று வரிசையாக வரும். 21 சீட் வண்டியில் 38 பேரை அடைத்தால், விபத்து நடந்தபின் கூடுதல் தலைகளுக்கு யார் பணம் கொடுப்பது என்ற சண்டை தனியாக நடக்கும்.

ஏஜென்டை விட்டுவிட்டால் கமிட்டியில் யாராவது, "நம்ம சபை ஸ்கூல் பஸ் சும்மாதானே நிக்குது, டீசல் போட்டுக்கிட்டுப் போங்க" என்பார்கள். அதற்கும் சம்மதிக்காதீர்கள். செயலியில் அந்த வண்டிக்கு நேரே எஜுகேஷனல் இன்ஸ்டிடியூஷன் பஸ் என்று இருக்கும். பள்ளி மாணவர்களையும் ஊழியர்களையும் பள்ளிக் காரியத்துக்கு ஏற்றத்தான் அந்த பெர்மிட். சபை வாலிபர்கள் அதில் சேரமாட்டார்கள். இதைப் பற்றி எல்லாச் சேகரங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்ப மேலே இருப்பவர்களுக்கு எத்தனை நாள் ஆகும்? காணிக்கை இலக்கு பற்றிய கடிதம் மட்டும் தேதி தவறாமல் வந்துவிடுகிறது.

மலைக்குப் போகும் வெளியூர் வண்டிக்கு இணையத்தில் எடுக்கும் அனுமதிச் சீட்டுதான் இ-பாஸ். அதை எடுக்கத் தனியாகப் பணம் கேட்டால் அந்த ஆளை அன்றைக்கே கைகழுவிவிடுங்கள். இ-பாஸ் இலவசம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் அது கட்டாயம். 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று உச்சவரம்பும் வைத்தார்கள். அதனால் தேதி முடிவானதுமே செல்போன் எண்ணையும் வண்டி எண்ணையும் கொடுத்து நீங்களே எடுத்துவிடுங்கள்.

இதில் ஒரு விலக்கு உண்டு. இதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் தலைவலியில் பாதி இதிலேயே தீர்ந்துவிடும். அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு இ-பாஸ் வேண்டாம். நெல்லையிலிருந்து மதுரை, அங்கே ஆரப்பாளையம் நிலையத்திலிருந்து வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல். மாட்டுத்தாவணியில் இறங்கினால் ஆரப்பாளையத்துக்கு டவுன் பஸ் பிடிக்க வேண்டும், அது ஒன்றுதான் அலைச்சல். இரண்டு மூன்று குழுவாகப் பிரிந்து, குழுவுக்கு இரண்டு பெரியவர்கள் என்று போங்கள். வெள்ளை போர்டா மஞ்சள் போர்டா என்ற கவலை இல்லை, மூன்று நாளாகத் தூங்காத டிரைவர் விடிகாலையில் மலை ஏற்றுவாரே என்ற பயமும் இல்லை. மேலே போனபின் சுற்றிப்பார்க்க உள்ளூர் வாடகை வண்டி எடுக்கலாம், உள்ளூர் வண்டிகளுக்கு இந்த உச்சவரம்பு கிடையாது. ஆனால் வெளியூர் வேன் ஒன்றை மூட்டை முடிச்சு ஏற்ற மட்டும் கூடக் கொண்டுபோனாலும் அந்த வேனுக்கு இ-பாஸ் வேண்டும். "பிள்ளைகள் பஸ்ஸில் வருகிறார்கள் சார்" என்று சோதனைச் சாவடியில் சொன்னால் விடமாட்டார்கள்.

பேக்கேஜோடு வரும் பிரசங்கியாரை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். யாரென்றே தெரியாதவர் மூன்று நாள் பேசிவிட்டு, கடைசி நாள் தனிக் காணிக்கை எடுத்து, பிள்ளைகளின் போன் எண்களையும் வாங்கிக்கொண்டு போவது நடக்கிறது. உங்கள் குருவானவருக்குத் தெரிந்த ஒருவர் போதும்.

தேதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மே இரண்டாவது வாரம் வேண்டாம். 2024-ல் பிளஸ் டூ முடிவு மே 6, பத்தாம் வகுப்பு முடிவு மே 10. 2025-ல் மே 8, மே 16. மதிப்பெண் குறைந்த பிள்ளை அந்த நாளில் அப்பா அம்மா பக்கத்தில் இருக்கட்டும். மே கடைசி வாரத்துக்குத் தள்ளுங்கள்.

பொறுப்பு யாருக்கு என்று கேட்டீர்கள். வாகன விபத்து என்றால் வண்டி உரிமையாளரும் காப்பீட்டு நிறுவனமும். தண்ணீரில் மூழ்கிப் பிள்ளை இறந்துபோனால் கேள்வி உங்களிடம்தான் வரும். அஜாக்கிரதையால் மரணம் என்று பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 106-ஆம் பிரிவில் வழக்குப் போட இடமுண்டு. 2022 அக்டோபரில் பூண்டி மாதா கோயிலுக்குப் போன தூத்துக்குடிப் பக்கத்து யாத்திரிகர்கள் 6 பேர் கொள்ளிடத்தில் மூழ்கி இறந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். அருவி, ஆறு, ஏரி எதிலும் குளியல் இல்லை என்று புறப்படுமுன்பே பெற்றோர் முன்னால் அறிவித்துவிடுங்கள்.

உங்கள் 38 பேரில் 18 வயது நிரம்பாதவர்கள் எத்தனை பேர் என்று இன்றைக்கே எண்ணுங்கள். சங்கப் பதிவேட்டில் அவர்கள் வாலிபர்களாக இருக்கலாம், பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்துக்கு அவர்கள் குழந்தைகள். ஒவ்வொருவருக்கும் பெற்றோர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் வேண்டும். அதில் மருந்து ஒவ்வாமை, வீசிங், வலிப்பு பற்றி எழுத இடம் விடுங்கள். பெண் பிள்ளைகளோடு தங்க இரண்டு அக்காமாராவது வரவேண்டும். எந்தப் பெரியவரும் தனியாக ஒரு பிள்ளையை அறைக்குக் கூப்பிட்டு ஜெபிக்கக்கூடாது, அது யாராக இருந்தாலும் சரி. தப்பு நடந்ததாகத் தெரிந்தால் கமிட்டி கூடிப் பேசி முடிக்கிற வேலை வேண்டாம். காவல் நிலையத்துக்குச் சொல்வது சட்டப்படி கடமை, சொல்லாமல் விட்டால் அதுவே குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098.

இந்தக் கடிதங்கள் எல்லாம் கைக்கு வந்து, ரிட்ரீட் இல்லத்தின் ரசீதும் வந்தபிறகு பிள்ளைகளிடம் பணம் வசூலியுங்கள்.