வாசகர் கேள்வி: ஐந்து ஷில்லிங் பந்தயம்

கேள்வி: 'சாலமன் அரசனின் சுரங்கங்கள்' எழுதிய ரைடர் ஹாகார்ட் நிஜமாகவே ஆப்பிரிக்காவைப் பார்த்தவரா, இல்லை வீட்டில் உட்கார்ந்தே கதை விட்டவரா?

பதில்: பார்த்தவர்தான். 1875-இல், 19 வயதில், தென்னாப்பிரிக்காவில் பிரிட்டிஷ் காலனியாக இருந்த நேட்டாலின் கவர்னருக்கு உதவியாளராகக் கப்பலேறினார். 1877-இல் பிரிட்டன் பக்கத்து நாடான டிரான்ஸ்வாலை விழுங்கியபோது அதன் தலைநகர் பிரிட்டோரியாவில் கொடியேற்றக் கை கொடுத்தார். அந்த ஏகாதிபத்தியத் திமிர் அவர் நாவல்களிலும் உண்டு. இன்று படித்தால் உறுத்தும். ஆனாலும் புத்தகத்தைக் கீழே வைக்க முடியாது!

நாவல் பிறந்தது இங்கிலாந்தில், ஒரு பந்தயத்தில். ஸ்டீவன்சனின் 'புதையல் தீவு' நாவல் ஒன்றும் பிரமாதமில்லை என்று இவர் சொல்லப்போக, அதில் பாதித் தரத்திலாவது எழுதிக் காட்டு என்று சகோதரர் ஐந்து ஷில்லிங் கட்டினார். சரி, எழுதிவிட்டார். பதிப்பகத்தில் மொத்தமாக 100 பவுண்டா, 10 சதவிகித ராயல்டியா என்று கேட்டார்கள். இவர் 100 பவுண்டுக்குத் தலையாட்டிவிட்டார். பதிப்பாசிரியர் அறையை விட்டுப் போன நேரம், மூலையில் இருந்த குமாஸ்தா, ராயல்டியே வாங்குங்கள் என்று காதைக் கடித்தார். இவரும் கேட்டுக்கொண்டார். 1885-இல் வெளியான புத்தகம் விற்றுத் தள்ளியது. (குமாஸ்தாவுக்கு ஒரு சட்டைத் துணியாவது எடுத்துக் கொடுத்திருக்கலாம்.)

அப்புறம் 1887-இல் 'ஷீ' என்ற நாவல். என் ஓட்டு அதற்குத்தான். பிற்காலத்தில் இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் விவசாயம் பார்த்தார், விவசாயிகள் நிலை பற்றித் தடித்தடியாக எழுதினார். 1912-இல் 'சர்' பட்டம் கிடைத்தது.