திரும்புவதா என்பதைப் பாரலாச்சாவுக்கு முன்பே முடிவு செய்யுங்கள்

கேள்வி: மன்னார்குடி பக்கம் விவசாயம் செய்கிறேன், வயது 36. கியர் சைக்கிளில் வேதாரண்யம் வரை ஒரே நாளில் போய்வந்ததுண்டு. குறுவை நடவுக்குப் பின் கிடைக்கும் இடைவெளியில் மணாலியிலிருந்து லேவுக்கும், அங்கிருந்து நுப்ரா பாலைவனத்துக்கும் தனியாகச் சைக்கிளில் போக ஆசை. மேடே இல்லாத ஊரில் எப்படிப் பயிற்சி எடுப்பது? எத்தனை நாள் ஒதுக்க வேண்டும்?

பதில்: உங்கள் கால்களைப் பற்றி எனக்குக் கவலையில்லை. மணாலியிலிருந்து லேவுக்கு 500 கி.மீ.கூட வராது. சிக்கல் உயரத்தில்தான். மன்னார்குடி கடல்மட்டத்தை ஒட்டிய ஊர். வழியில் வரும் தங்லாங் லா கணவாய் 5,300 மீட்டருக்கு மேல். அங்கே காற்றழுத்தம் நம் ஊரில் இருப்பதில் ஏறக்குறையப் பாதி. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்ஸிஜனும் அந்த அளவுக்குக் குறையும். இதற்கு உடல் பழக நாள்கள் பிடிக்கும். உடல்வலு உள்ளவர் சீக்கிரம் பழகிவிடுவார் என்றும் இல்லை. அவர்கள்தான் வேகமாக ஏறி மாட்டிக்கொள்கிறார்கள்.

3,000 மீட்டரைத் தாண்டியபின், முந்தைய இரவு தூங்கிய இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயரத்தில் அடுத்த இரவு தூங்கக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரு நாள் ஓய்வு. மலையேற்ற மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு இது. வழியில் தங்கும் ஊரான ஜிஸ்பா சுமார் 3,200 மீட்டர்; பலரும் அடுத்துத் தங்கும் சர்ச்சு 4,300 அளவில் இருக்கிறது. இங்கேதான் கணக்கு உதைக்கிறது. ஆகவே ஜிஸ்பாவில் இரண்டு இரவு, பட்சியோவில் ஒன்று, ஜிங்ஜிங்பாரில் இரண்டு என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

தலைவலி வந்தால் கீழே இறங்கிவிடு என்று எல்லாரும் சொல்வார்கள். ஜிங்ஜிங்பாருக்கும் சர்ச்சுவுக்கும் இடையே உள்ள பாரலாச்சா லா கணவாயைத் தாண்டிவிட்டால் அது அவ்வளவு எளிதல்ல. சர்ச்சுவிலிருந்து பின்னால் வந்தால் சுமார் 4,900 மீட்டர் உயரமுள்ள அதே பாரலாச்சா. முன்னால் போனால் 21 வளைவுகள் கொண்ட கட்டா லூப்ஸ், அதன்பின் நக்கீ லா, லாச்சுலுங் லா கணவாய்கள். சாலை எந்தப் பக்கம் போனாலும் மேடுதான். எனவே முடிவெடுக்க வேண்டிய இடம் ஜிங்ஜிங்பார். காலையில் தலைவலியோடு குமட்டலோ கிறுகிறுப்போ இருந்தால், சாப்பாடு இறங்கவில்லை என்றால், அன்று ஏறாதீர்கள். மறுநாளும் குறையவில்லையா, ஏதாவது லாரியில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு ஜிஸ்பாவுக்கு இறங்குங்கள்.

தனியாகப் போவதில் உண்மையான ஆபத்து ஒன்று உண்டு. மூளையில் வீக்கம் தொடங்கினால் நடையும் நிதானமும் தடுமாறும். அது பெரும்பாலும் பாதிக்கப்பட்டவருக்கே தெரியாது. தினமும் மாலையில் தரையில் நேர்க்கோடு ஒன்று கிழித்து, ஒடுங்கிய வரப்பில் நடப்பதுபோல ஒரு காலின் பெருவிரலைத் தொட்டு மறுகாலின் குதிகாலை வைத்து நடந்து பாருங்கள். தாபாக்காரரைப் பார்க்கச் சொல்லுங்கள். கால் கோட்டைவிட்டு விலகினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உடனே வண்டி பிடியுங்கள். அசெட்டசோலமைடு மாத்திரை உடல் பழக உதவும். ஊரிலேயே மருத்துவரைக் கேட்டு வாங்குங்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாமை இருந்தால் கட்டாயம் சொல்லிவிடுங்கள்.

பயிற்சிக்கு ஆடிக் காற்று போதும் என்றால் சிரிப்பீர்கள். பைகளில் 15 கிலோ ஏற்றிக்கொண்டு, காற்றுக்கு எதிராக மேற்கே தஞ்சாவூர் வரை உட்கார்ந்தபடியே மிதியுங்கள். நீண்ட ஏற்றத்தில் தேவைப்படும் விடாத மிதி அப்படித்தான் பழகும். பிற்பகலில் லடாக்கின் மோரே சமவெளியில் அடிக்கும் காற்றுக்கும் இதுவே ஒத்திகை. பிறகு ஒருமுறை கொல்லிமலை போய்வாருங்கள். அந்த 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறக்கத்தில் பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கக் கற்றுக்கொள்ளலாம். உயரத்துக்குப் பழக அந்த மலை போதாது. முன்பக்கச் சிறிய பற்சக்கரத்தைவிடப் பின்பக்கப் பெரிய பற்சக்கரத்தில் பல் அதிகம் இருக்கட்டும். முன்னால் 24, பின்னால் 34 என்றால் சுகம்.

தண்ணீர் விஷயத்தில் டெல்டாக்காரர்கள் ஏமாந்துபோவார்கள். நமக்குச் சட்டை நனைந்தால்தான் தாகம் நினைவுக்கு வரும். லேயில் ஆண்டு மழையே 100 மில்லிமீட்டர் அளவில்தான். அந்தக் காய்ந்த காற்றில் வியர்வை தெரியுமுன்பே உலர்ந்துவிடும். சிறுநீரின் நிறத்தைப் பார்த்துக் குடியுங்கள். மஞ்சள் அடர்ந்தால் குறைவாகக் குடிக்கிறீர்கள். ஒரு நாளைக்கு நான்கு லிட்டராவது வேண்டும்.

ஆகஸ்ட் கடைசியில் மணாலியிலிருந்து கிளம்புவது நல்லது. அந்தப் பக்கம் மழையும் மண்சரிவும் குறையத் தொடங்கும். பனி உருகி வரும் ஓடைகள் சாலையை மறிக்கும் இடங்களைக் காலையிலேயே கடந்துவிடுங்கள். வெயில் ஏற ஏற வெள்ளம் கூடும். பருவகாலத்தில் ஜிங்ஜிங்பார், சர்ச்சு, பாங் எல்லா இடத்திலும் கூடாரத் தாபாக்கள் இருக்கும். அடுப்பும் பாத்திரமும் சுமக்க வேண்டாம். சோற்றுக்குக் குக்கர் இல்லாமல் அங்கே வழியில்லை. 4,500 மீட்டரில் தண்ணீர் சுமார் 85 டிகிரியிலேயே கொதித்துவிடும், அரிசி வேகாது.

லே வரை இரண்டு வாரம். அங்கே இரண்டு நாள் ஓய்வுக்குப் பின் கர்துங் லா வழியாக நுப்ரா போய்வர ஐந்து நாள். ரயில், பஸ் பயணங்களையும் சேர்த்தால் ஒரு மாதம். ஹுண்டரில் மணல்மேடுகளும் இரட்டைத் திமில் ஒட்டகங்களும் உண்டு. சைக்கிள் தார்ச்சாலையில்தான் போகும் என்பதால் அங்கே தனிப் பயிற்சி எதுவும் தேவையில்லை.

தமிழ்நாட்டு ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அதுவும் ஜிஸ்பாவுக்கு அடுத்த தார்ச்சாவைத் தாண்டினால் பெரும்பாலும் சிக்னல் தராது. எந்த இரவு எங்கே தங்குவீர்கள் என்று தேதியோடு எழுதி வீட்டில் கொடுங்கள். லேவுக்கு முன்னால் வரும் உப்ஷியிலிருந்து எந்தத் தேதிக்குள் பேசுவீர்கள் என்பதையும், அதற்கு இரண்டு நாள் தாண்டியும் பேச்சில்லை என்றால் லே காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.